விண்ணோடத்தின் வகுத்தல் கணக்கு

விண்வெளிக்குப் போக ஏன் இவ்வளவு செலவாகிறது என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "அவ்வளவு எரிபொருள் எரிகிறதே" என்பதுதான். டி.வி.யில் அந்த நெருப்பையும் புகையையும் பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால் இன்று அதிகம் பறக்கும் ஃபால்கன் 9 ராக்கெட்டை எடுத்துக் கொண்டால், ஒரு முறை ஏவ வாடிக்கையாளர் கொடுக்கும் தொகையில் எரிபொருளின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. அப்படியானால் மீதிப் பணம் எங்கே போகிறது?

ஒரு மினிபஸ்ஸை நினைத்துக் கொள்ளுங்கள். டீசலுக்கு ஆகும் செலவு ஓடுகிற தூரத்தைப் பொறுத்தது. டிரைவர் சம்பளம், கண்டக்டர் சம்பளம், பாங்க் தவணை, இன்சூரன்ஸ், மெக்கானிக், ஷெட் வாடகை எல்லாம் பஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும். நாளைக்குப் பத்து டிரிப் அடித்தால் இந்தச் செலவு பத்தாகப் பிரிந்துவிடும். ஒரே டிரிப் என்றால் மொத்தமும் அந்த ஒரு டிரிப்பின் தலையில்தான். மூன்றாம் வகுப்பு வகுத்தல் கணக்கு, அவ்வளவுதான்.

மனிதன் விண்வெளிக்குப் போன கதையில் பணம் சம்பந்தப்பட்ட பகுதியை வாசிக்க வாசிக்க, இந்த வகுத்தல் கணக்குதான் திரும்பத் திரும்ப வருகிறது. மேலே இருக்கும் தொகையைக் குறைக்க முடியாதபோது, கீழே இருக்கும் எண்ணைப் பெரிதாக எழுதிவிட்டார்கள். அப்படிக் காகிதத்தில் எழுதிய ஒரு எண்ணை நிஜமாக்கப் போய் உயிர்களும் போயிருக்கின்றன. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

நிலவுப் பயணத்திலிருந்து தொடங்குவோம். அப்பல்லோ திட்டத்துக்கு அமெரிக்கா செலவழித்தது அன்றைய மதிப்பிலேயே சுமார் 2,500 கோடி டாலர். 1966-ல் மட்டும் அந்நாட்டு மத்திய பட்ஜெட்டில் 4.4 சதவீதம் நாசாவுக்குப் போனது. (இப்போது அரை சதவீதத்துக்கும் கீழே.) சோவியத் யூனியனை முந்த வேண்டும் என்ற ஒரே வெறியில், செலவு என்ன என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் காலை வைத்ததும் கேட்க ஆரம்பித்தார்கள். வியட்நாம் போர் ஒரு பக்கம், உள்நாட்டுக் கலவரங்கள் ஒரு பக்கம். திட்டமிட்டிருந்த கடைசி மூன்று நிலவுப் பயணங்களும் 1970-லேயே ரத்தாயின. சாட்டர்ன் 5 என்ற அந்தப் பிரம்மாண்ட ராக்கெட் 13 முறை பறந்து 1973-ல் ஓய்ந்தது. ஒவ்வொரு முறையும் மொத்த ராக்கெட்டும் வீணாகிவிடும். திரும்பி வருவது மேலே இருந்த சின்னக் கூம்பு மட்டும்தான்.

விமானத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு தூக்கி எறிந்தால் டிக்கெட் என்ன விலை ஆகும்? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் விண்ணோடம், அதாவது ஸ்பேஸ் ஷட்டில். 1972 ஜனவரி 5 அன்று அதிபர் நிக்சன் இந்தத் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன காரணமே செலவுதான். விண்வெளிப் பயணம் இனி வழக்கமான காரியமாகிவிடும், விண்ணை முட்டும் செலவு ஒழிந்துவிடும் என்றார்.

எவ்வளவு குறையும்? அதற்கும் ஒரு எண் தயாராக இருந்தது. ஒரு பயணத்துக்கு 1 கோடியே 5 லட்சம் டாலர். இந்த எண் எப்படி வந்தது என்பதுதான் சுவாரஸ்யம்.

மேத்தமெட்டிகா என்ற நிறுவனத்துக்கு நாசாவே பணம் கொடுத்து ஒரு பொருளாதார ஆய்வு செய்யச் சொன்னது. அதை நடத்தியவர் சாதாரண ஆள் இல்லை. வான் நாய்மனோடு சேர்ந்து கேம் தியரியை உருவாக்கிய ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன்! அவரும் கிளாஸ் ஹைஸும் கொடுத்த அறிக்கையின் சாரம் இதுதான்: பன்னிரண்டு வருடங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பயணங்கள் நடந்தால் விண்ணோடம் லாபம். அதாவது வருடத்துக்கு நாற்பதுக்கும் மேல், கிட்டத்தட்ட வாரம் ஒன்று. அறிக்கையில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. பிரச்சினை அந்த "நடந்தால்" என்ற சொல்லில் இருந்தது. வாரம் ஒருமுறை தூக்கிக் கொண்டு போக அத்தனை செயற்கைக்கோள்கள் எங்கே என்று செனட்டர் வால்டர் மாண்டேல் போன்றவர்கள் கேட்டார்கள். பதில் சரியாக வரவில்லை. விலை குறைந்தால் கூட்டம் தானாக வரும் என்றது நாசா. டிக்கெட் விலை குறைய வேண்டுமென்றால் பஸ் நிறைய ஓட வேண்டும். பஸ் நிறைய ஓட வேண்டுமென்றால் டிக்கெட் விலை குறைந்திருக்க வேண்டும். முட்டையா கோழியா கதைதான்.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். நாசா முதலில் கேட்டது இரண்டு அடுக்கு வாகனம். இரண்டுமே சிறகு முளைத்தவை, இரண்டுமே விமானம் போல் திரும்பி வந்து இறங்கும். அதை வடிவமைத்துக் கட்ட ஆயிரம் கோடி டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் ஏறக்குறைய அதில் பாதிதான் தரமுடியும் என்று கைவிரித்துவிட்டது. கடைசியில் தேறியது 515 கோடி டாலர். பாதிப் பணத்தில் என்ன செய்ய முடியும்? கீழ் அடுக்கு விமானத்தை விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்கள். எரிபொருள் டாங்க்கை வெளியே கொண்டுவந்து, ஒவ்வொரு முறையும் தூக்கி எறிவது என்று முடிவாயிற்று. செய்து முடிக்கும் செலவு குறைந்தது. ஓட்டும் செலவு கூடியது. வீடு கட்டும்போது காசு மிச்சம் பிடிக்கத் தளத்துக்கு சரியாக வாட்டம் கொடுக்காமல் விட்டு, ஒவ்வொரு மழைக்கும் ஒழுகலை அடைக்க ஆள் கூப்பிடுவது போல.

இதோடு விமானப்படையும் வந்து சேர்ந்தது. அவர்களுடைய ஆதரவு இல்லாமல் திட்டம் காங்கிரஸில் தேறாது என்பதால், கேட்டதெல்லாம் கொடுக்க வேண்டியதாயிற்று. 60 அடி நீளம், 15 அடி அகலம் கொண்ட சரக்கு அறை வேண்டும் என்றார்கள், உளவுச் செயற்கைக்கோளுக்காக. கலிஃபோர்னியாவில் இருந்து கிளம்பி, துருவங்களைக் கடந்து ஒரே ஒரு சுற்று சுற்றி, கிளம்பிய இடத்துக்கே இறங்க வேண்டும் என்றார்கள். அந்த ஒரு சுற்று முடிவதற்குள் கீழே பூமி நகர்ந்துவிடுமே? அதை ஈடுகட்டப் பக்கவாட்டில் சுமார் 2,000 கி.மீ. மிதந்து வரும் திறன் வேண்டும். அதற்குப் பெரிய முக்கோணச் சிறகு வேண்டும். பெரிய சிறகு என்றால் அதிக வெப்பம். அதிக வெப்பம் என்றால் உடம்பு முழுக்க செராமிக் ஓடுகள். கொலம்பியா விண்ணோடத்தில் அப்படி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகள் இருந்தன. பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று அளவிலும் வளைவிலும் வேறு. கையால் ஒட்டி, பயணம் முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அந்த ஒற்றைச் சுற்றுப் பயணம் கடைசிவரை ஒருமுறைகூட நடக்கவில்லை. அதற்காகக் கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க்கில் கட்டிய ஏவுதளத்தில் இருந்து ஒரு விண்ணோடமும் கிளம்பவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. மாஸ்கோவில் கெல்டிஷ் தலைமையிலிருந்த கணித நிறுவனத்துக்காரர்கள் அமெரிக்கா வெளியிட்ட இந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தார்களாம். எப்படிப் போட்டாலும் லாபம் வரவில்லை. இவ்வளவு புத்திசாலிகள் இப்படி ஒரு நஷ்டக் கணக்கைப் போடமாட்டார்கள், ஆகவே இதில் ஏதோ ரகசிய ராணுவ நோக்கம் இருக்கிறது என்று முடிவு செய்து, தாங்களும் அதே மாதிரி ஒன்றைச் செய்தார்கள். புரான் என்ற அந்த சோவியத் ஓடம் 1988 நவம்பர் 15-ல் ஆளில்லாமல் ஒரே ஒரு முறை பறந்தது. எதிராளியின் தப்புக் கணக்கைத் தந்திரம் என்று நம்பி, அதையே காப்பி அடித்த கதை. :)

1981 ஏப்ரல் 12-ல் கொலம்பியா முதல் தடவை பறந்தது. இறங்கிய இரண்டே வாரத்தில் அடுத்த பயணத்துக்குத் தயாராகிவிடும் என்பதுதான் பழைய திட்டம். நடைமுறையில் ஒரே ஓடம் இரண்டு முறை கிளம்பியதற்கு இடையில் இருந்த மிகக் குறைந்த இடைவெளி 54 நாள். அதுவும் 1985-ல் ஒரே ஒருமுறை, அட்லாண்டிஸ். அந்த வருடம்தான் விண்ணோடங்கள் அதிகபட்சமாகப் பறந்த வருடம்: ஒன்பது பயணங்கள். நாற்பது எங்கே, ஒன்பது எங்கே!

எண்ணைக் குறைத்துக் கொள்வதற்குப் பதிலாக நாசா அதைத் துரத்தியது. 1990-க்குள் வருடம் 24 பயணம் என்று இலக்கு வைத்தார்கள். அமெரிக்க செயற்கைக்கோள்கள் எல்லாம் விண்ணோடத்தில்தான் போக வேண்டும் என்று பழைய ராக்கெட்டுகளின் உற்பத்தியை மெல்ல மூடிக்கொண்டு வந்தார்கள். ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டுடன் போட்டி போட, உண்மையான செலவைவிட மிகக் குறைவான கட்டணம் வாங்கினார்கள். உதிரி பாகங்கள் போதாமல் ஒரு ஓடத்தில் இருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினார்கள்.

1986 ஜனவரி 27 இரவு, திட எரிபொருள் பூஸ்டர்களைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று தொலைபேசியில் மன்றாடினார்கள். பூஸ்டரின் துண்டுகள் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும் என்பது அவர்களுடைய பயம். நாசா தரப்பு அதிருப்தி காட்டியதும், நிறுவனத்தின் மேலாளர்கள் தங்கள் பொறியாளர்களை ஓரங்கட்டிவிட்டு சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை சாலஞ்சர் 73 வினாடிகளில் சிதறியது. ஏழு பேர். பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உட்பட.

பிறகு விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் எல்லோரையும் ஒரு கேள்வி கேட்டார்: விபத்துக்கு எவ்வளவு வாய்ப்பு? பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்ற அளவில் சொன்னார்கள். மேலாளர்கள் சொன்னது லட்சத்தில் ஒன்று! தினம் ஒரு விண்ணோடம் ஏவினாலும் முந்நூறு வருடத்துக்கு ஒரு விபத்து என்று அர்த்தம். எனக்கு இந்த லட்சத்தையும் அந்த 1 கோடியே 5 லட்சம் டாலரையும் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை. வாரம் ஒருமுறை பறக்கும் என்று சத்தியம் செய்துவிட்ட ஒரு வாகனம் நூற்றில் ஒருமுறை வெடிக்கும் என்று ஒப்புக்கொள்ள முடியுமா? இரண்டு வருடத்துக்கு ஒரு விபத்து என்றாகிவிடுமே. முதல் எண்ணைக் காப்பாற்ற இரண்டாவது எண் தேவைப்பட்டது.

கடைசியில் கணக்கு எப்படி முடிந்தது? 135 பயணங்கள், இரண்டு விபத்துகள். 67-க்கு ஒன்று. பொறியாளர்கள் சொன்னதைவிட மோசம்.

இரண்டாவது விபத்து நம் எல்லோருக்கும் தெரியும். 2003 பிப்ரவரி 1-ல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கொலம்பியா திரும்பி வரும் வழியில் உடைந்தது. ஏவும்போது வெளி டாங்க்கில் இருந்து பிய்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது சிறகின் முன்விளிம்பில் ஓட்டை போட்டிருந்தது. பணம் மிச்சம் பிடிக்க வெளியே கொண்டு வைத்தார்களே, அதே டாங்க். சாலஞ்சரைக் கொன்றது அதே காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்த திட பூஸ்டர். 1972-ல் மிச்சம் பிடித்த இரண்டு இடங்களில் இருந்தும் ஆபத்து வந்தது. இது தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

இதற்கிடையில் ஆட்களையும் குறைத்துப் பார்த்தார்கள். 1993-ல் விண்ணோடத் திட்டத்தில் சுமார் 30,000 பேர் வேலை பார்த்தார்கள். 2002-ல் அது 17,500-க்கும் கீழே வந்துவிட்டது. நான் முன்னே சொன்ன டிரைவர், மெக்கானிக், ஷெட் வாடகை இதுதான். பறந்தாலும் பறக்காவிட்டாலும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு. அதைக் குறைத்தால் ஓடுகளைச் சரிபார்க்க ஆள் குறைவு. கொலம்பியா விசாரணைக் குழுவும் இந்த வருடாவருட வெட்டுகளைப் பற்றித் தன் அறிக்கையில் விரிவாகவே எழுதியது.

2011 ஜூலை 21-ல் அட்லாண்டிஸ் கடைசியாக இறங்கியபோது மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தார்கள். 2010-ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் ஏறக்குறைய 19,000 கோடி டாலர். ஒரு பயணத்துக்கு சுமார் 150 கோடி டாலர். வாக்களித்த 1 கோடியே 5 லட்சத்தை நாற்பது வருட விலைவாசி உயர்வோடு கணக்கிட்டாலும் 6 கோடியைத் தாண்டாது.

"அரசாங்கம் செய்தால் இப்படித்தான், தனியாரிடம் விட்டிருக்க வேண்டும்" என்று இந்த இடத்தில் சிலர் சொல்வார்கள். ஆனால் விண்ணோடத்தைக் கட்டியதே தனியார்தான்! ஓடம் ராக்வெல், டாங்க் மார்ட்டின் மரியெட்டா, பூஸ்டர் தயோகால். அப்பல்லோவையும் தனியார் நிறுவனங்களே கட்டின. பெரிய ராக்கெட்டுகளை நாசா பெரும்பாலும் தானே கட்டியதில்லை. வித்தியாசம் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

வீடு கட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். மேஸ்திரியிடம் "ஆகிற செலவைக் கொடுத்துவிடுகிறேன், மேலே உங்களுக்கு இத்தனை லாபம்" என்று பேசலாம். அல்லது "சதுர அடிக்கு இவ்வளவு, சாவியைக் கொடுக்கும்போது கணக்கு முடிந்தது" என்று பேசலாம். முதல் வகையில் வேலை இழுக்க இழுக்க மேஸ்திரிக்கு நஷ்டமில்லை. இரண்டாவது வகையில் இழுத்தால் அவர் கையைக் கடிக்கும். நாசாவின் பெரிய திட்டங்கள் எல்லாம் முதல் வகை. முன்பின் யாரும் செய்யாத வேலைக்கு அதுதான் நியாயமும்கூட; நிலவுக்குப் போகச் சதுர அடி ரேட் யார் சொல்ல முடியும்? ஆனால் பூமியைச் சுற்றும் பாதைக்குச் சரக்கு கொண்டுபோவது 2006-ல் புதிய வேலை இல்லை.

அந்த வருடம் நாசா ஒரு சிறிய பரிசோதனை செய்தது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு அனுப்பும் வாகனத்தை உருவாக்க சுமார் 50 கோடி டாலரை ஒதுக்கி, இரண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. வேலையின் ஒவ்வொரு கட்டமும் முடிந்தால்தான் அதற்குரிய பணம். முடியாவிட்டால் கிடையாது, மீதிச் செலவு உங்கள் பாக்கெட்டில் இருந்து. தேர்வான இருவரில் ராக்கெட்பிளேன் கிஸ்லர் வெளியில் பணம் திரட்ட முடியாமல் அடுத்த வருடமே நீக்கப்பட்டது. அந்த இடத்துக்கு ஆர்பிட்டல் சயின்ஸஸ் வந்தது. இன்னொன்று ஸ்பேஸ்எக்ஸ், அப்போது அதனிடம் வெற்றிகரமாகப் பறந்த ராக்கெட் ஒன்றுகூட இல்லை. அதன் முதல் மூன்று ஃபால்கன் 1 ராக்கெட்டுகளும் சுற்றுப்பாதையை எட்டவில்லை. நான்காவது, 2008 செப்டம்பர் 28-ல், பசிபிக் கடலின் குவாஜலின் பவளத்தீவுக் கூட்டத்தில் இருந்து கிளம்பிப் போய்ச் சேர்ந்தது. அதே டிசம்பரில் நாசா 12 சரக்குப் பயணங்களுக்கு 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. கையில் காசு தீர்ந்துகொண்டிருந்த நிறுவனம் பிழைத்தது அரசாங்கப் பணத்தில்தான். தனியார் சாதனை என்று பேசும்போது பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

2011-ல் நாசா தன்னிடம் உள்ள செலவு மதிப்பீட்டு முறையில் ஃபால்கன் 9-ஐப் போட்டுப் பார்த்தது. பழைய பாணியில் செய்திருந்தால் சுமார் 400 கோடி டாலர் ஆகியிருக்கும் என்று வந்தது. நிறுவனம் உண்மையில் செலவழித்தது 30 கோடி. ஃபால்கன் 1-ஐயும் சேர்த்தால் 39 கோடி.

பழைய பாணி ஒழிந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. விண்ணோடத்துக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு புஷ் காலத்தில் கான்ஸ்டலேஷன் என்று ஒரு திட்டம் தொடங்கி, சுமார் 900 கோடி டாலர் விழுங்கி, 2010-ல் ஒபாமா காலத்தில் ரத்தானது. ஆனால் விண்ணோடத் தொழிற்சாலைகள் இருந்த மாநிலங்களின் செனட்டர்கள் சும்மா இருப்பார்களா? அதே 2010-ல் எஸ்.எல்.எஸ். என்ற ராக்கெட்டைச் செய்தே ஆக வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். முடிந்தவரை பழைய ஒப்பந்தங்களையும் பாகங்களையும் பயன்படுத்த வேண்டும் என்றும் எழுதிவிட்டார்கள். அதனால் அதற்கு "செனட் ஏவு ராக்கெட்" என்ற பட்டப்பெயரும் வந்தது. 2016-க்குள் தயாராகியிருக்க வேண்டும். முதலில் பறந்தது 2022 நவம்பர் 16-ல்.

அது பறப்பதற்குச் சில மாதம் முன்பு நாசாவின் தலைமை ஆய்வாளர் பால் மார்ட்டின் காங்கிரஸில் ஒரு கணக்குச் சொன்னார். எஸ்.எல்.எஸ்., மேலே போகும் ஓரியன் கலம், தரை வசதி எல்லாம் சேர்த்து, முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர். வளர்ச்சிச் செலவு சேர்க்காமல்! இது தாங்காது என்று அவரே சொன்னார். இதில் எனக்கு மிகவும் உறுத்துவது எஞ்சின்கள். விண்ணோடத்தில் போய்ப்போய்த் திரும்பி வந்த அதே எஞ்சின்களை எடுத்து மாட்டி, நான்கு நான்காகக் கடலில் போடுகிறார்கள். அவை தீர்ந்த பிறகு தேவைப்படும் எஞ்சின்களுக்கு 2020-ல் போட்ட ஓர் ஒப்பந்தத்தில் 18 எஞ்சின், 179 கோடி டாலர். மறுபடி மறுபடி பறக்கச் செய்த ஒரு பொருளை ஒரே தடவைக்கென்று காசு கொடுத்துப் புதிதாகச் செய்கிறார்கள்.

மறுபக்கம் பாருங்கள். 2015 டிசம்பரில் ஃபால்கன் 9-இன் கீழ் அடுக்கு முதல் முறையாகத் தரையில் வந்து நின்றது. 2017 மார்ச்சில் ஏற்கனவே பறந்த அடுக்கு மறுபடி பறந்தது. 2024-ல் ஃபால்கன் ராக்கெட்டுகள் 134 முறை ஏவப்பட்டன. விண்ணோடம் முப்பது வருடத்தில் பறந்தது 135 முறை!

மார்கன்ஸ்டெர்னின் கணக்கு சரிதான் என்று ஐம்பது வருடம் கழித்து நிரூபணமானது என்றே சொல்லலாம். ஆனால் அந்த 134-இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஸ்டார்லிங்க், அதாவது அதே நிறுவனத்தின் சொந்த இணையச் செயற்கைக்கோள்கள். வெளியில் இருந்து கூட்டம் வரும் என்று காத்திருக்காமல், தன் பஸ்ஸுக்குத் தானே பயணிகளை உற்பத்தி செய்து கொண்டார்கள். நாசாவுக்கு 1972-ல் கிடைக்காத பதில் இது. ஓர் அரசுத் துறைக்கு அப்படிச் செய்ய அனுமதியும் கிடைத்திருக்காது.

இனிமேல்தான் கொஞ்சம் கவலை வருகிறது. செலவு குறைவது வேறு, விலை குறைவது வேறு. 2020-ல் அந்நிறுவன அதிகாரி ஒருவர், மறுபயன்பாட்டு ராக்கெட் ஒன்றை ஏவ எல்லாம் சேர்த்து 2.8 கோடி டாலர்தான் ஆகிறது என்றார். வெளியாருக்கு விலைப் பட்டியல் என்ன? 6.2 கோடியாக இருந்தது, 2022-ல் 6.7 கோடி ஆனது, 2024-ல் 7 கோடியைத் தொட்டது. மனிதர்கள் போகும் டிராகன் கலத்திலும் இதே கதை. ஆரம்ப ஒப்பந்தத்தில் ஓர் இருக்கை சுமார் 5.5 கோடி டாலர். 2022-ல் வாங்கிய ஐந்து பயணங்களில் 7.2 கோடி. விலைவாசி உயர்வையும் பார்க்க வேண்டும்தான். ஆனாலும் பக்கத்தில் வேறு கடை இல்லாதபோது கடைக்காரர் ஏன் குறைப்பார்?

இதற்கு ஏற்கனவே ஓர் உதாரணம் உண்டு. விண்ணோடம் நின்ற பிறகு ஒன்பது வருடம் அமெரிக்கர்கள் ரஷ்யாவின் சோயுஸில்தான் போனார்கள். 2006-ல் ஓர் இருக்கை 2.1 கோடி டாலர். 2020-ல் கடைசியாக வாங்கிய இருக்கை 9 கோடி. சோயுஸ் பெரிதாக மாறவில்லை, விலைதான் மாறியது.

நாசா இதை யோசிக்காமல் இல்லை. 2014-ல் ஆட்களை அனுப்பும் ஒப்பந்தத்தை வேண்டுமென்றே இரண்டு பேருக்குக் கொடுத்தது: போயிங்குக்கு 420 கோடி, ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. அனுபவசாலி போயிங் முதலில் முடிக்கும் என்றே பலரும் நினைத்தார்கள். டிராகன் 2020 மே மாதம் ஆட்களோடு போய்விட்டது. போயிங்கின் ஸ்டார்லைனர் 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸையும் புட்ச் வில்மோரையும் ஏற்றிக்கொண்டு போய், உந்து எஞ்சின்கள் கோளாறாகி, காலியாகத் திரும்பியது. எட்டு நாள் பயணமாகப் போனவர்கள் ஒன்பது மாதம் கழித்து, 2025 மார்ச்சில், டிராகனில் வந்து சேர்ந்தார்கள். சதுர அடி ரேட் ஒப்பந்தம் என்பதால் கூடுதல் செலவெல்லாம் போயிங் தலையில். இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியிருக்கிறது. 2025 நவம்பரில் ஆறு பயணங்களாக இருந்த ஒப்பந்தம் நான்காகச் சுருங்கியது, அடுத்த பயணத்தில் சரக்கு மட்டும் என்றும் முடிவானது. இத்தனை அடி வாங்கிய பிறகு இன்னொரு நிறுவனம் இந்த வகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட எவ்வளவு யோசிக்கும் என்பதும் ஒரு கேள்வி.

நம் ஊரிலும் இந்த வாடை அடிக்கத்தான் செய்கிறது. ககன்யான் திட்டத்துக்கு 2018-ல் ஒதுக்கியது 9,023 கோடி ரூபாய். 2024-ல் கூடுதல் சோதனைப் பயணங்களும் இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் சேர்ந்து 20,193 கோடி ஆனது. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போன ஆக்ஸியம் பயணத்துக்கு நாம் கொடுத்தது சுமார் 550 கோடி ரூபாய். அவர் போனதும் டிராகனில்தான்.

அந்தப் பயணத்துக்குச் சில வாரம் முன்பு, ஜூன் 5 அன்று, அதிபர் ட்ரம்புக்கும் ஈலான் மஸ்க்குக்கும் இணையத்தில் வாய்ச்சண்டை முற்றியது. உங்கள் ஒப்பந்தங்களை ரத்து செய்தால் பல கோடி மிச்சம் என்றார் ஒருவர். அப்படியானால் டிராகனை இப்போதே நிறுத்துகிறேன் என்றார் மற்றவர். சில மணி நேரத்தில் அதை வாபஸ் வாங்கிவிட்டார். அந்தச் சில மணி நேரம் விண்வெளி நிலையத்தில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கு பேர் திரும்பி வர வேண்டிய வாகனம் டிராகன்.

நிலையத்தின் ஆயுள் 2030 வரைதான் என்று இப்போதைக்குத் திட்டம். அதன் பிறகு நாசா சொந்தமாக நிலையம் வைத்துக்கொள்ளாமல், தனியார் நிலையங்களில் வாடகைக்கு இடம் பிடிக்கப் பார்க்கிறது. வாடகை எவ்வளவு என்று இன்னும் யாருக்கும் தெரியாது. பழைய நிலையத்தைப் பத்திரமாக இறக்கிக் கடலில் போடும் வேலைக்கு 2024 ஜூனில் 84 கோடி டாலர் வரை ஒப்பந்தம் போட்டாயிற்று. அதையும் வாங்கியிருப்பது ஸ்பேஸ்எக்ஸ்தான்.